பெர்க்மான்ஸ் நேரில் போய்ச் சொன்னது

பொழியூர் பெர்க்மான்ஸ் பல வருடம் மலப்புறத்தில் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து மைதானங்களில் அணி மாறி அணி மாறிப் பந்து விளையாடியவர். அவரை நீக்கியதை எந்த அணியும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அவருடைய ஜெர்சியோடு வேறொருவன் களத்தில் இறங்கும்போதுதான் தெரியவரும். இப்போது ஊர் அணிக்கு அவர்தான் மேனேஜர்.

உதியன்குளங்கரையில் இறுதிப் போட்டி. அன்று காலையிலேயே கோல்கீப்பர் ஜினுவைத் தேடிக் கடற்கரைக்குப் போனார்.

"மக்கா, இன்னைக்கு நீ எறங்கண்டாம். கை இன்னும் சரியாவல்ல."

"இதப் போன்ல சொன்னா போதாதா அண்ணா?"

"நேர்ல சொல்லணும்னாக்கும் வந்தேன்."

ஜினு முகம் கொடுக்காமல் எழுந்து போய்விட்டான்.

மாலையில் அணி தோற்றது. ஜினு நின்றிருந்தால் ஜெயித்திருக்கலாம் என்று ஊரே சொன்னது. பெர்க்மான்ஸ் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் பயிற்சிக்கு ஜினு வந்தான். கையுறையை மாட்டிக்கொண்டு கோல் போஸ்டுக்கு முன்னால் நின்றான்.