பென்சிலால் எழுதிய பட்டங்கள்

குவாலா லிப்பிஸில் எங்கள் இலாகா அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை ரொஹாயா அக்காவுடையது. இருபத்தாறு வருடமாக, கடிதத்தில் யாரை என்ன சொல்லி அழைப்பது என்று எல்லோரும் அவரிடம்தான் கேட்டார்கள்.

"அக்கா, அந்தப் பள்ளிவாசல் தலைவருக்கு ஹாஜி உண்டா?"

"போன மாசம்தான் மெக்காவுலேர்ந்து வந்தாரு. போட்டுரு. இல்லாட்டி கடிதம் அப்படியே திரும்பி வரும்."

அவருடைய குறிப்பேடு முழுக்கப் பென்சில் எழுத்து. சுல்தான் பிறந்தநாளுக்குப் பட்டம் வாங்கிப் புதிய டத்தோக்கள் வருவார்கள். சிலர் ஹஜ் போய் வருவார்கள், சிலர் இறந்துபோவார்கள். ஒவ்வொன்றுக்கும் அழித்து எழுத வேண்டும். அழித்து அழித்துச் சில பக்கங்கள் ஓட்டையாகியிருந்தன. நாங்கள் யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. கேட்டால் சொல்ல ஆள் இருக்கும்போது எவன் மெனக்கெடுவான்?

அவருடைய கணவர் இஷாக் தொலைவில், டுங்கூனில் இருந்தார். லாரி ஓட்டியவர், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. லிப்பிஸில் இயந்திரத்துக்கு இடம் கிடைக்கவில்லை, அதனால் தங்கை வீட்டோடு தங்கிவிட்டார். அக்கா சனிக்கிழமை விடியலில் பஸ் ஏறுவார், ஞாயிறு மதியம் திரும்புவார். திங்கட்கிழமை அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருக்கும். டுங்கூன் கிளைக்கு மாற்றல் கேட்டு இரண்டு முறை எழுதியும் பதிலே வரவில்லை.

மூன்றாவது மனுவை ஒரு வெள்ளிக்கிழமை எழுதினார். எங்கள் இயக்குநர் ருஸ்லி பரிந்துரைத்துத்தான் அது தலைமையகம் போக வேண்டும். "துவான் ருஸ்லி" என்று, பட்டமில்லாத ஆணுக்குரிய முறையில் விளித்து, அவர் மேசைத் தட்டில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் சுல்தான் பிறந்தநாள் பட்டப் பட்டியல் வெளியானது. ருஸ்லி டத்தோவாகிவிட்டார். பட்டியலில் அவர் பேர் இருக்குமென்று அலுவலகமே ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அந்த வாரம் மருத்துவமனை நினைப்பு மட்டும்தான்.

திங்கட்கிழமை காலை மனு திரும்பி வந்தது. "துவான்" என்ற சொல்லைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். வெள்ளிக்கிழமை அவர் துவான்தானே?

"தப்பு என்னோடதுதான், நீலா. ஒரு நாள் பொறுத்திருக்கணும்," என்றார் அக்கா.

திரும்ப அடித்து, பட்டமெல்லாம் வரிசையாகப் போட்டு, தானே கொண்டுபோய்க் கொடுத்தார். கதவு திறந்திருந்தது. டத்தோ சிரிப்பது கேட்டது.

"உங்களுக்கே தெரியலேன்னா இந்த ஆபீஸ்ல வேற யாருக்குக்கா தெரியும்?"

அது வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்தேன். மூன்று மாதம் கழித்துத் தலைமையகத்திலிருந்து பதில் வந்தபோது, கோப்பில் டத்தோவின் பரிந்துரையையும் பார்த்தேன். "விளிப்பு முறை அறிந்த ஒரே அலுவலர். மாற்று ஆள் இல்லை. விடுவிக்க இயலாது."

நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து மேசையில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருக்கிறேன். நானாவது கற்றுக்கொண்டிருக்கலாம்.

பதில் கடிதம் அச்சடித்த படிவம். மேலே "துவான் / புவான்" என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருந்தது. பெண்ணுக்கு எழுதுகிறோம் என்று ஒரு கோடு இழுக்கக்கூட அங்கே யாருக்கும் நேரமில்லை.

"பேருகூட போடலை பாத்தீங்களாக்கா?"

அவர் அடிக்கோலை எடுத்து வைத்து, "துவான்" மீது நேராக ஒரு கோடு இழுத்தார். பிறகு கடிதத்தைக் கோப்பில் போடச் சொல்லி என்னிடம் நீட்டிவிட்டு, டுங்கூனில் கணவருக்குப் போன் போட்டார்.

"பாங், இந்தத் தடவையும் கெடைக்கல... இல்ல, அழுவல. களைப்பா இருக்கு, அவ்வளவுதான்."

அப்போது முகப்பிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "அக்கா, புது மந்திரிக்கு எப்படிப் போடணும்?"

"என்கிட்ட கேளுங்க," என்று நான் எழுந்துவிட்டேன். கேட்டவரும் காத்திருந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டார். "முதல்ல மாண்புமிகு, அப்புறம் டத்தோ ஸ்ரீ, பேருக்கு முன்னாடி ஹாஜி," என்றார். கையை எடுத்தார். "ஆமா பாங், சனிக்கிழமை வர்றேன்."