உள்பக்கம் தேய்ந்த டயர்

தம்பி இறந்த மறுமாதம், அவன் காரை விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னாள். திருப்போரூர் வீட்டு வாசலில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது அது. கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அம்மாவால் முடியவில்லை. எனக்கு வேலையும் குடித்தனமும் கல்பாக்கத்தில். ஒரு சனிக்கிழமை வந்து சாவியை வாங்கிக்கொண்டேன்.

தம்பி அந்தக் காரைத் தாழ்த்தியிருந்தான். கம்பெனி ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, குட்டையானவற்றை மாட்டியிருந்தான். "ரோட்ட ஒட்டிக்கினு போவுது பாருக்கா" என்று உள்ளங்கையைத் தரையோடு ஓட்டிக் காட்டுவான். வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசும்போது மட்டும் முகம் சுருங்கும். அப்படிச் சில மாதம் ஓட்டினான். பிறகு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தானே நடந்து போனவன் திரும்பி வரவில்லை. அப்போது அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செங்கல்பட்டில் ஒருவர் காரை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். போகும் வழியெல்லாம் ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. கை வலிக்கப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அவர் குனிந்து முன் டயரின் உள்பக்கம் தடவிப் பார்த்தார்.

"வெளிய புதுசு கணக்கா கீது, உள்ள கம்பி தெரியுதும்மா. அலைன்மெண்ட் பாத்து எட்தா, அப்பால பேசலாம்."

பைபாஸ் ஓரம், சக்கரத்தை நேராக்கித் தரும் ஒரு அலைன்மெண்ட் கடையில் நிறுத்தினேன். தம்பி வழக்கமாக வரும் கடை அது என்று அப்போது எனக்குத் தெரியாது. காரைப் பார்த்ததுமே மெக்கானிக் சிரித்துக்கொண்டு வந்தார்.

"இன்னாக்கா, நீ எட்தாந்துகிற? தம்பி எங்க? அவரு கேட்ட போல்ட்டு வந்து கெடக்குது, போன் பண்ணா சுவிச் ஆஃப்னு வருது."

அதுவரை என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தெரிந்துகொண்டே வந்தவர்கள். நானாக யாரிடமும் சொல்ல நேர்ந்ததில்லை.

"தம்பி இல்லைங்க."

"வெளியூரா?"

"இல்ல. செத்துட்டான்."

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அவர் பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். "கோச்சிக்கினு வேற கடைக்குப் பூட்டாருன்னு நெனச்சேன்க்கா" என்றார். உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிறகு வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார். தாழ்த்தியதும் சக்கரங்களின் தலை உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதனால்தான் உள்ளோரம் மட்டும் தேய்கிறது. பழைய ஸ்பிரிங்கைக் கொண்டுவந்தால் வண்டியைத் தூக்கிவிடலாம். விற்க அதுதான் நல்லது. இல்லையென்றால் தம்பி சொல்லிவைத்த போல்ட்டைப் போட்டு, வண்டி தாழ்வாக இருக்கும்படியே சக்கரத்தை நேராக்கலாம்.

அம்மாவுக்குப் போன் செய்து இரண்டு வழியையும் சொன்னேன்.

"அவன் இன்னா போடச் சொன்னான்?"

"போல்ட்டு போடச் சொல்லியிருக்கான்மா."

"அதயே போடு."

"விக்கணும்னியேம்மா?"

"மொதல்ல போடுடி" என்று வைத்துவிட்டாள்.

முன் டயர்கள் இரண்டையும் மாற்றினார்கள். போல்ட்டைத் திருகத் திருக, சக்கரம் மெல்ல நிமிர்ந்தது. சக்கரத்தின் சாய்வைக் காட்டும் கம்ப்யூட்டர் திரையில் சிவப்பாக இருந்த எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. இவ்வளவு சுலபமாகச் சரியாகிற ஒன்றை அவன் பார்க்காமல் போய்விட்டானே என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும்போது கார் கோடு போட்ட மாதிரி நேராக ஓடியது.

மறுநாள் அம்மாவை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போனேன். காற்றாட உட்கார்ந்தால் தேவலை என்று நினைத்தேன். கடற்கரைக்குப் பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தால், அவளால் எழுந்திருக்க முடியவில்லை. சீட் அவ்வளவு தாழ்வு. அவளுக்கோ முழங்கால் வலி. தோளைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை.

"அவன் எப்டிமா தூக்குவான்?"

"கால் ரெண்டையும் மொதல்ல வெளிய எட்து வெப்பான். கீழ குந்திக்கினு, கழுத்த கட்டிக்கோம்மான்னுவான்."

அப்படியே செய்தேன். மண்ணில் குந்தி, என் கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். கட்டிக்கொண்டவள் எழுந்திருக்கவில்லை. சவத்தை எடுத்த அன்றுகூட அழாதவள், என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். என் கால்கள் மரத்துப்போகும்வரை அப்படியே இருந்தோம். கடலைப் பார்க்காமலே திரும்பினோம்.

வீட்டு வாசலில் அவளை இறக்கியபோது, "வண்டிய விக்காத, நீயே ஓட்டு. என்ன மட்டும் இனிமே இதுல ஏத்தாதடி" என்றாள்.

இப்போது அதில்தான் வேலைக்குப் போகிறேன். டயர்கள் ஒரே சீராகத் தேய்கின்றன. அம்மா கல்பாக்கம் வருவதென்றால் இரண்டு பஸ் மாறித்தான் வருகிறாள். அன்றைக்கு நான் காரை எடுப்பதில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய், அவள் பையை வாங்கிக்கொண்டு, அவள் நடைக்கு ஏற்ற மாதிரி மெல்ல வீட்டுக்குக் கூட்டிவருகிறேன்.