கேட்டில் பிறந்த பிள்ளை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி நின்றுவிட்டால், நான் வழக்கமாகப் போகும் ஆட்டோக்காரர் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். அகலமான முகம், காதில் செருகிய பீடி. நான் ஏறினால் ஆட்டோ ஒரு பக்கம் சாயும் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் "லோடு".

"லோடு, எம் பொண்ணு போன மாசம் இந்த கேட்லதான் பொறந்துச்சு. இதே சீட்டு. கூட வந்த பக்கத்து வூட்டு அக்காவே பிரசவம் பாத்துட்சு. தாயும் புள்ளயும் நல்லாதான கீறாங்கோ, இன்னாத்துக்கு ஆஸ்பத்திரின்னு வண்டிய வூட்டுக்கே திருப்பிட்டேன்!"

ஏறுகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்வார்.

"அப்போ நான் உட்கார்ந்திருப்பது பிரசவ வார்டிலா?" என்பேன். இருவரும் சிரிப்போம்.

சில வாரங்கள் அவரைக் காணவில்லை. பிறகு ஒருநாள் அதே கேட்டில் நின்றோம். அவர் பின்பக்கம் திரும்பி உட்காரவில்லை.

"பாப்பா எப்படி இருக்கா?" என்று நானாகவே கேட்டுத் தொலைத்தேன்.

"செத்துப் பூட்ச்சு சார். மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சிகினே இருந்துச்சாம். பொறந்தவொடனே தொடையில வைட்டமின் கே ஊசி ஒண்ணு போடுவாங்களாம், ரத்தம் உறையறதுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா அவங்களே போட்ருப்பாங்க. நான்தான வண்டிய திருப்பினேன்."

கேட் திறந்ததும் வண்டியைக் கிளப்பினார்.

கொஞ்சம் சுற்றினால் பாலத்து வழி இருக்கிறது. இன்றும் அவர் இந்தக் கேட் வழியாகவே ஓட்டுகிறார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.