சுண்ணாம்பு பூசாத பானை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்கும் பனையும் தவிர வேறொன்றும் இல்லாத மணல்காட்டில் எங்கள் குடும்பம் மட்டும் இருந்தது. அப்பா, அவருடைய தம்பிகள் இருவர், எல்லோருடைய மனைவி மக்களும் ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிட்டோம். துணியும் தீப்பெட்டியும்தான் கடையில் வாங்கினோம். வெல்லம்கூட எங்கள் பதநீரைக் காய்ச்சியதுதான். பதநீர் இறக்க மரத்தில் கட்டும் பானைக்குள் பூசும் சுண்ணாம்புக்குக் கடற்கரைக் கிளிஞ்சல்களைச் சுட்டோம். பூசாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும். அது மதுவிலக்குக் காலம். பதநீர் இறக்கும் லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்ததால், கள் பிடிபட்டால் ஜெயிலுக்குப் போகவேண்டியவர் அவர்தான்.

ஒரு நாள் காலை சோதனைக்கு வந்த போலீஸ்காரர், கவிழ்த்து வைத்திருந்த பானைகளின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றில் மட்டும் விரல் வெள்ளையாகவில்லை. முகர்ந்தார்.

"இன்னாய்யா, புளிச்ச வாட வருது?"

"மாட்டுக்குக் கழுநீர் வெக்கிற பான சார்" என்றாள் அம்மா. அது பொய்.

"அடுத்த தபா மாட்டையும் சேத்து ஸ்டேஷனுக்கு இட்டுகினு போவேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

எங்கள் வீட்டில் பனை ஏறியவர்கள் மூன்று ஆண்கள்தான். அப்பா யாரையும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் மரத்தடியில் நின்று, ஏறப்போன தம்பிகளின் பானைகளில் விரல் விட்டுப் பார்த்தார்.

"எம்மேலயே சந்தேகமா அண்ணாத்த?" என்றார் சின்னச் சித்தப்பா.

அப்பா தன் பானையை நீட்டினார். "என்னுதயும் பாரு."

சித்தப்பா உள்ளே தடவினார். வெள்ளையான விரலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

போலீஸ்காரர் முகர்ந்த அந்தப் பானை யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. அதன்பின், இன்னொருவர் தடவிப் பார்க்காமல் எங்கள் பானை எதுவும் மரத்துக்குப் போகவில்லை.