ஸ்விட்சுக்குப் போன கை

முதலாளி மணியத்தின் கை சுவரிலிருந்த ஸ்விட்சுக்குப் போனது. “தொடாதீங்க பாஸ்!” என்று கத்திவிட்டேன். முதலாளியிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் கம்ப்யூட்டர் ஆள். எங்கள் பிசிக்கள் அடிக்கடி படுத்துக்கொண்டதால், மூடிப்போன ஒரு டிராயிங் ஆபீஸின் யூனிக்ஸில் ஓடும் வொர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டரை வாங்க வைத்தேன். ஆனால் எந்தக் கன்டெய்னரைக் கப்பலில் எங்கே வைப்பது என்று பிளான் போடும் புரோகிராம் பிசிக்களின் டாஸில் மட்டுமே ஓடும். அதற்காக எமுலேட்டர் போட்டேன். யூனிக்ஸ் திரையில் ஒரு விண்டோவைத் திறந்து, அதற்குள் ஒரு பிசி இருப்பதாக டாஸை ஏமாற்றும் சாஃப்ட்வேர் அது. மணியம் அன்றே சொல்லிவிட்டார்: “ஓடலன்னா மெஷினும் வேணாம், நீயும் வேணாம் லா.”

முதல் கப்பலிலேயே மாட்டிக்கொண்டேன். பண்டமாரானிலிருந்து வேலைக்கு வரும் கமலா அக்கா காலையிலிருந்து பிளானை அடித்து முடித்து பிரின்ட் கொடுத்தார். பிரின்டர் கம்மென்று இருந்தது. மறுபடியும் கொடுத்தார். பிறகு மணியம் வந்து அதே பிரின்ட் கீயைக் கோபத்தோடு தட்டு தட்டென்று தட்டினார். விண்டோ அப்படியே உறைந்துபோனது.

வாசலில் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் நின்ற ராஜுதான் பிளானைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டியவர். “செப்பாட் லா பாஸ், பிளான் இல்லாம லோடிங் ஆரம்பிக்க மாட்றாங்க!” என்று அவசரப்படுத்தினார்.

டாஸ்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: நின்றுபோனால் ஸ்விட்சை அணைத்துப் போடு. மணியத்தின் கை சுவருக்குப் போனதும் அதற்குத்தான். பிசி அதைத் தாங்கும், யூனிக்ஸ் தாங்காது. டாஸ் எல்லாவற்றையும் சேமிக்கும் சி டிரைவ் முழுவதும் யூனிக்ஸ் டிஸ்கில் ஒரே ஃபைல். அதில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரன்ட்டை வெட்டினால் அக்காவின் உழைப்பும் என் வேலையும் சேர்ந்தே போகும்.

“பின்ன என்னதான் செய்வே?” என்றார் மணியம்.

“டாஸ்தான் மாட்டிக்கிச்சு பாஸ். மெஷின் நல்லாத்தான் இருக்கு. அதை மட்டும் நிறுத்துறேன்.” அக்காவைப் பார்த்தேன். “சேவ் பண்ணிட்டீங்கதானே?”

“ரெண்டு வாட்டி பண்ணேன் தம்பி.”

இன்னொரு விண்டோவைத் திறந்து எமுலேட்டரைக் கொல்லும் கட்டளையை அடித்தேன். எழுத்துகளை அழித்து அழித்து அடித்தேன். டாஸ் விண்டோ மறைந்தது.

பிரின்டர் கீச்சென்று கத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

டாஸ் இன்னும் ஏதோ அனுப்பப்போகிறது என்று எமுலேட்டர் எல்லா பிரின்ட்டையும் பிடித்து வைத்திருந்திருக்கிறது. டாஸ் செத்ததும் மொத்தமாக அவிழ்த்து விட்டது. முதல் பிளானைக் கிழித்துக்கொண்டு ராஜு பறந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று யார் கூப்பிட்டாலும், நின்றது எது என்று கேட்காமல் அதற்குப் பிறகு நான் எதிலும் கை வைத்ததில்லை.

பிரின்டர் நிற்கவில்லை. மணியம் தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பிளான் வந்துகொண்டே இருந்தது. காகிதம் தரையில் குவிந்தது. அவர் கை பிரின்டர் ஸ்விட்சுக்குப் போய், பாதியில் நின்றது.

“இதத் தொடலாமா?” என்று என்னைக் கேட்டார்.