இருமல் வண்டியைக் கொன்றவள்

அவளிடம் அடி வாங்காதவர்களை அந்தத் தெருவில் விரல் விட்டு எண்ணிவிடலாம். பள்ளி பஸ்ஸின் பின்னால் தொற்றிக்கொண்டு வந்த விடலைகள், பிள்ளைகள் இறங்கும்போது முந்திப் போகப் பார்த்த லாரிக்காரன், பஸ் நிற்கிற இடத்தில் காரை நிறுத்திவிட்டுச் சட்டம் பேசிய வக்கீல் என்று பல தரப்பட்டவர்களும் வாங்கியிருக்கிறார்கள். கட்டிய புருஷனுக்குத்தான் முதல் மரியாதை. குடித்துவிட்டு வந்து அவளை மொத்துவதையே தொழிலாக வைத்திருந்தவன் அவன். ஒருநாள் அவள் திருப்பி மொத்தியதில் முன்பல் இரண்டும் போய், அம்மா வீட்டைப் பார்க்கப் போனவன்தான், இன்னும் வந்தபாடில்லை. ஊர் அவளுக்குச் சண்டைக்காரி என்று பெயர் வைத்தது. அதற்காக அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அவள் கை ஓங்காத ஒரே ஆள் அவளுடைய அண்ணன். காரணம் இருக்கிறது. அவர்களுடைய அப்பா இடுப்பு பெல்ட்டைக் கழற்றினால் யார் முதுகிலாவது இறக்கிவிட்டுத்தான் மறுபடி மாட்டுவார். அப்போதெல்லாம் அண்ணன்தான் தங்கச்சியைத் தன் பின்னால் தள்ளிவிட்டு, இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டு குறுக்கே நிற்பான். அடி மொத்தமும் அந்தக் கையில் விழும். அவளுக்கு விழவேண்டியதில் முக்கால்வாசியை அவன்தான் வாங்கினான். பிறகு அவன் மெக்கானிக் ஆனான். அவளுக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்து, பள்ளியில் டிரைவர் வேலைக்குச் சிபாரிசு செய்ததும் அவன்தான்.

அவள் ஓட்டியது ஓடாய்த் தேய்ந்த டீசல் பஸ். பிள்ளைகள் அதற்கு இருமல் வண்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் ஸ்டார்ட் செய்தால் கரும்புகை பள்ளிச் சுவரைத் தாண்டிப் பின்தெருவின் துணிக்கொடி வரைக்கும் போகும். வெள்ளைத் துணியோடு சண்டைக்கு வந்த பின்தெருப் பெண்கள் சண்டைக்காரியைப் பார்த்ததும் வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள். அந்த வண்டி படுக்கும்போதெல்லாம் அண்ணன்தான் எழுப்பி உட்கார வைப்பான். எஞ்சினின் குடலைப் பிடுங்கிப் போட்டுத் திரும்ப மாட்டுவான். அதில் அவனுக்குக் கர்வம் உண்டு. என்னைக் கேட்டால் செத்ததைச் சாகவிடாமல் வைத்திருப்பதில் என்ன கர்வம் வேண்டிக்கிடக்கிறது என்பேன்.

ஒரு மழை நாளில் அது நடந்தது. சைலன்சர் குழாய் விரிசல் விட்டிருந்த இடத்தில் அண்ணன் ஒரு தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தான். எல்லாப் பட்டறையிலும் செய்கிற வேலைதான் இது. இப்போதைக்கு ஓடட்டும் என்று கட்டுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். அன்றைக்கு அந்தத் தகரம் நழுவியது. துருப்பிடித்த தரைத்தகடு வழியாகப் புகை உள்ளே ஏறியது. மழைக்காக ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். கடைசி இருக்கையில் மூன்று பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்திருப்பதை அவள் கண்ணாடியில் பார்த்தாள். தூங்குகிறார்கள் என்று நினைத்தாள். அந்த எஞ்சின் போட்ட சத்தத்தில் பின்னால் யாராவது கத்தியிருந்தால்கூடக் கேட்டிருக்காது.

நிறுத்தத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் யாரும் அசையவில்லை. அவள் ஓடிப்போய் முழங்கையால் பின்கண்ணாடியை உடைத்தாள். மூன்று பேரையும் இழுத்து மழைத் தண்ணீரில் கிடத்திக் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். இரண்டு பேர் வாந்தி எடுத்துக் கண் திறந்தார்கள். மூன்றாவதாக இருந்த பெண் ஆஸ்பத்திரியில் மறுநாள்தான் விழித்தாள். அவள் அண்ணனின் மகள். வாண்டு என்று வீட்டில் கூப்பிடுவார்கள். பள்ளியே சண்டைக்காரியை அத்தை என்று அழைப்பது அவளைப் பார்த்துத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சண்டைக்காரி பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். கம்பியில் தகரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்துச் சாக்கடையில் வீசினாள். கேட்டவர்களிடம் குழாய் உடைந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். தகரத்தைக் காணாததுமே அவள் பார்த்துவிட்டாள் என்று அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பற்றி இருவரும் வாயைத் திறக்கவில்லை.

பள்ளி பஸ்களின் புகையைக் குறைக்க அரசாங்கம் பணம் ஒதுக்கியபோது தலைமை ஆசிரியை நடையாய் நடந்து ஒரு மின்சார பஸ்ஸுக்கு அனுமதி வாங்கிவிட்டார். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது. பழைய வண்டி வேறு யார் கைக்காவது போய் அங்கேயும் புகை கக்கக் கூடாது. அதனால் அதிகாரியின் கண்ணெதிரிலேயே எஞ்சினை உடைத்து, அடிச்சட்டமான சேசிஸை இரண்டாக அறுத்துவிட வேண்டும். அப்புறம்தான் புது வண்டியின் சாவி கைக்கு வரும்.

அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"எஞ்சினை மட்டும் எனக்குக் குடுக்கச் சொல்லு. படகுக்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"உடைக்கணும்னுதானே அண்ணே பணமே குடுத்திருக்காங்க."

"நல்ல எஞ்சினை எவனாவது உடைப்பானா?"

"நல்ல எஞ்சினா?"

அவ்வளவுதான் அவள் கேட்டாள். அவன் முகம் கறுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே போனான்.

பள்ளி விடுமுறை நாளில் வண்டிக் கொட்டகைக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். புது பஸ் இருக்கைகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வாசலில் நின்றது. அதிகாரி படம் பிடிக்கக் கேமராவோடு நின்றார். "இன்னிக்கு முடிக்கலேன்னா வண்டி அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போயிடும்மா. வரிசையில நிறைய பேர் நிக்கறாங்க" என்று தலைமை ஆசிரியையிடம் சொன்னார். வண்டியை அறுக்கிற கட்டிங் வேலைக்கு வந்தவர் எஞ்சினை வெளியே இறக்கி வைத்துவிட்டுச் சம்மட்டியைத் தூக்கினார். அந்தச் சமயத்தில்தான் அண்ணன் ஜாக்கி லீவரோடு உள்ளே வந்தான்.

"கைய வெக்காத" என்றான். சொல்லி முடிப்பதற்குள் லீவர் கட்டிங்காரரின் தோளில் இறங்கியது. அவர் அம்மா என்று அலறிக்கொண்டு குப்புற விழுந்தார். அண்ணன் அவர் இடுப்பில் ஓர் உதையும் விட்டான். அதிகாரி தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

"அண்ணே, அதைக் கீழ போடு" என்றாள் அவள்.

"இதை உடைச்சா என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு? எம் புள்ளைக்கு நானே விஷம் வெச்சேன்னு அர்த்தம்."

"உடைக்காட்டி மட்டும் இல்லேன்னு ஆயிடுமா?"

லீவர் அவள் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் கண்ணை மறைத்தது. அவன் அவளை அடித்தது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. அடித்துவிட்டு அவனே திகைத்து நின்றான். நின்றவன் மறுபடி ஓங்கினான். அவள் தரையில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்தாள். அதைக் கண்டதும் அவன் இடது கை தானாக முகத்துக்கு முன்னால் உயர்ந்தது. அப்பாவின் பெல்ட்டுக்கு எதிரில் உயர்ந்த அதே கை. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துத்தான் அடித்தாள்.

எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் சுருண்டு விழுந்தான். அவள் குழாயை எறிந்துவிட்டுச் சம்மட்டியை எடுத்தாள். முதல் அடியில் எஞ்சின் அசைந்துகூடக் கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அதே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டாள். ஒவ்வோர் அடிக்கும் நெற்றி ரத்தம் தெறித்தது. கடைசியில் வார்ப்பு இரும்பு பிளந்து கறுத்த எண்ணெய் பொளபொளவென்று தரையில் கொட்டி, கீழே கிடந்த அண்ணனின் சட்டை வரைக்கும் ஓடியது. அதிகாரி தூணுக்குப் பின்னாலிருந்தே படம் எடுத்தார். சண்டைக்காரி செய்தது சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தப்பு என்று சொல்லவும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது ஜாக்கி நழுவிக் கையில் விழுந்துவிட்டது என்றான் அண்ணன். அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

விடுமுறை முடிந்து புது பஸ் ஓடத் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் கிளம்பிவிட்டதா இல்லையா என்றே தெரியாது. பின்னால் பிள்ளைகள் பேசுவதெல்லாம் இப்போது அவள் காதில் விழுந்தது. புருவத்தில் தையலோடு ஓட்டினாள். முதல் நாள் வாண்டு முன்னிருக்கையில் அமர்ந்து கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அத்தை, அப்பா கையை நீதான் ஒடச்சியாமே. எல்லாரும் சொல்றாங்க."

பழைய வண்டியாக இருந்தால் காதில் விழாத மாதிரி இருந்துவிடலாம். பஸ் முழுக்கப் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

"நான்தான்" என்றாள்.

"ஏன்?"

"எஞ்சினை உடைக்க விடல."

"ஒரு எஞ்சினுக்காகவா?"

சொல்லிவிட ஒரு நிமிஷம் போதும். உன்னைச் சாகடிக்கப் பார்த்த எஞ்சின் அது, அந்தப் புகைக்கு வழிவிட்டது உன் அப்பா கட்டிய தகரம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அடுத்த வளைவில் பஸ்ஸைத் திருப்பினாள். வாண்டு எழுந்து பின்னால் எங்கோ போய் உட்கார்ந்தாள். பள்ளியில் இறங்கும்போது, "நான் இனிமே நடந்தே வந்துக்கறேன்" என்றாள். அத்தையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

சொன்ன மாதிரியே செய்தாள். சண்டைக்காரி அண்ணன் வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறப்பாள். பை சுமந்த அந்தச் சின்ன உருவம் பஸ்ஸைக் கடந்து நடந்துபோகும். கதவை மூடிக்கொண்டு கிளம்புவாள். எத்தனையோ பேரை அடித்தவள், வாங்கியவள். இந்த மாதிரி அடியை அவள் வாங்கியதில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் பெண் திரும்பி வருவாள். ஆனால் அவளுக்கு அப்பா இல்லாமல் போய்விடுவான். தகப்பனை இழந்து வளர்வது எப்படி என்று சண்டைக்காரிக்குத் தெரியும், அவளுடைய அப்பா உயிரோடு இருந்தபோதே அவள் அப்படித்தான் வளர்ந்தாள். அதனால் வாயைக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸை நிறுத்துவதை மட்டும் விடவில்லை.

ஒரு காலையில் வாண்டு தனியாக வரவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து பஸ் படிக்கட்டின் முன்னால் நின்றான்.

"ஏறு" என்றான்.

"மாட்டேன். அத்தைதான் உன் கையை ஒடச்சுது."

"கையை அவ ஒடச்சா. உன்னை மயங்கி விழ வெச்சது நான். நான் கட்டுன தகரம் அது. அவளுக்கு அன்னிக்கே தெரியும். உங்கிட்ட சொன்னாளா?"

வாண்டு இல்லை என்று தலையசைத்தாள்.

"எங்கிட்டயும் சொல்லல" என்றான். நல்ல கையால் அவள் பையைச் சரிசெய்துவிட்டு, "அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்ல. உனக்கு இருக்கட்டும். ஏறு" என்றான்.

டிரைவர் இருக்கையை அவன் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வாண்டு ஏறினாள். அவன் திரும்பி வீட்டுக்குள் போகும்வரை சண்டைக்காரி கதவை மூடவில்லை. பிறகு பள்ளிக்கூடம் வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினாள். அடக்கிக்கொண்டுதான் அழுதாள், ஆனாலும் கடைசி இருக்கைப் பிள்ளைகளுக்குக்கூட அது கேட்டது.