என் நாத்தனாரும் அறுநூற்றுப் பன்னிரண்டு கருத்துகளும்

எங்கள் சாண்ட்விச் கடையைப் பற்றி வாடிக்கையாளர்கள் கைபேசியில் எழுதி வைத்திருக்கும் கருத்துகள் மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் நான் படித்திருக்கிறேன். ஒன்றில்கூட நான் இல்லை.

"எவ்வளவு கூட்டமானாலும் சிரித்த முகம்." "ஒரு தடவை சொன்னால் போதும், ஆயுசுக்கும் மறக்கமாட்டார்." "மேலதிகாரியிடம் திட்டு வாங்கிவிட்டுப் போனேன். அக்கா ஒரு வார்த்தை விசாரித்தார், பாதி பாரம் இறங்கியது." அக்கா, அக்கா, அக்கா! யார் இந்த அக்கா? என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. கவுன்ட்டரில் நிற்கிறவள். சிரிப்பக்கா என்று பெயரே வைத்துவிட்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் பதினோரு வருடமாக நின்றுகொண்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் எனக்கு ஒரு பெயரும் இல்லை. இப்படி ஒருத்தி இருப்பது தெரிந்தால்தானே பெயர் வைப்பதற்கு!

பொறாமைதான். வேறு பெயர் சொல்லிப் பூசி மெழுகப் போவதில்லை. உழைக்கிறது ஒருத்தி, பேர் வாங்குகிறது ஒருத்தி என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

கடை நகரத்தின் நடுவில், இரண்டு உயரமான அலுவலகக் கட்டடங்களுக்கு இடையில் இருக்கிறது. இடையில் என்பதைவிட இடுக்கில் என்று சொல்வதே சரி. உட்கார ஆறு ஸ்டூல். பன்னிரண்டேகாலுக்கு லிஃப்ட்டுகள் திறந்தால், கழுத்தில் அட்டை தொங்க ஒரு படையே வந்து நிற்கும். இரண்டு மணிக்கு ஈ கூட இருக்காது. முக்கால்வாசிப் பேர் கட்டி வாங்கிக்கொண்டு மேலே போய்விடுவார்கள்.

நாத்தனார் எங்களிடம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. புருஷன் வேறு ஊருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு நின்றுவிட்டான். ஒரு பெட்டி, ஆறு வயதுப் பெண் குழந்தை, அழுது அழுது வீங்கின கண். இவ்வளவுதான் கொண்டுவந்தாள். அதற்கு முன்னால் பஸ் நிலையத்தில் டிக்கெட் ஜன்னலில் வேலை பார்த்தவள். ஒரு முகத்தை ஒரு தடவை பார்த்தால் அப்படியே மனதில் அச்சாகிவிடும்.

"ரெண்டு நாள் கவுன்ட்டர்ல நிக்கட்டும். நாலு பேரப் பாத்தா மனசு மாறும்" என்றார் என் வீட்டுக்காரர்.

ரெண்டு நாள் ஒன்பது வருடம் ஆகிவிட்டது. மனசு மாறியதோ இல்லையோ, வாயெல்லாம் பல்லாகிவிட்டது. தாயும் மகளும் எங்கள் வீட்டு ஹாலில்தான் படுக்கை. காலையில் மெத்தையைச் சுருட்டினால்தான் நாங்கள் நடக்க வழி கிடைக்கும். அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினைந்து வயது. துணி மாற்றக் குளியலறைக்கு ஓடவேண்டும். படிக்கும்போது நான் பாத்திரம் உருட்டினால் காதைப் பொத்திக்கொள்ளும். தனியாக ஒரு வீடு, அதில் மகளுக்கென்று கதவு வைத்த ஒரு அறை. நாத்தனார் வாய்விட்டு ஆசைப்பட்டது இது ஒன்றுக்குத்தான்.

எங்கள் கடையில் ஆர்டரைத் தாளில் எழுதும் பழக்கம் கிடையாது. கவுன்ட்டருக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக அவள் ஆளுக்கு வைத்த பெயரைக் கூவுவாள்.

"அண்ணி, ஒன்பதாம் மாடி ஒண்ணு! குடை மறந்தவர் ரெண்டு! கல்யாணப் பொண்ணு ஒண்ணு!"

அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். பெயர் மாறவில்லை. ஒன்பதாம் மாடி என்றால் வெங்காயம் கிடையாது, மிளகு இரண்டு மடங்கு. குடை மறந்தவருக்கு முட்டை நன்றாக வெந்திருக்கவேண்டும், மஞ்சள் கரு கொழகொழவென்று இருந்தால் திரும்பி வந்துவிடும். இதெல்லாம் யாருக்குத் தெரியும்? எனக்கு. அவளுக்கு முகம் தெரியும், எனக்கு அந்த முகத்தின் வயிறு தெரியும். ஆனால் ஊர் என்ன எழுதுகிறது? "அக்காவுக்கு என்ன ஒரு ஞாபக சக்தி!"

மத்தியானம் மூன்று மணிக்கு அவள் ஸ்டூல்களைத் துடைப்பாள். நான் பின்கட்டில் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து கருத்துகளைப் படிப்பேன். புண்ணைச் சொறிகிற சுகம் இருக்கிறதே, அது.

"ஏங்க, அறுநூறு பேர் எழுதியிருக்காங்க. ஒருத்தராவது கை மணத்தப் பத்தி எழுதியிருக்காங்களா?" என்று ஒருநாள் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"எழுதியிருக்காங்களே, டேஸ்ட் சூப்பர்னு."

"யார் கைன்னு எழுதியிருக்கா?"

"நீ வேணா ஜன்னல் வழியா கையை நீட்டி ஆட்டேன், போட்டோ எடுத்துப் போடுவாங்க" என்றார். அன்றைக்கு அவருக்குச் செய்த சாண்ட்விச்சில் நான் உப்பே போடவில்லை.

இந்த வருடம் எதிரே இருக்கும் இருபது மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சிற்றுண்டிக் கடைக்கு இடம் ஒதுக்கினார்கள். யாருக்குக் கொடுக்கலாம் என்று தங்கள் ஊழியர்களையே கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல எழுதிய பெயர் சிரிப்பக்கா. நிலையான வருமானம், தனி வீடு எடுக்கலாம். செய்தியைக் கேட்டு நாத்தனார் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் வீட்டுக்காரர், "போ, உன் கால்ல நில்லு" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. ஹால் எனக்கு, கவுன்ட்டர் எனக்கு, இனி எழுதுகிறவன் என்னைப் பற்றித்தானே எழுதவேண்டும்!

அந்தக் கட்டடத்து நிர்வாகி கடையைப் பார்க்க வந்த அன்று அவள் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். மனிதர் நல்லவர். ஸ்டூலில் உட்கார்ந்து என்னிடமே கேட்டார்.

"வெளியில எல்லாரும் நல்லாத்தான் சொல்றாங்க மேடம். கூட வேலை பாக்கறவங்க நீங்க. உங்க கருத்து என்ன?"

பதினோரு வருடத்தில் என் கருத்தை ஒருவர் கேட்பது அதுதான் முதல் தடவை. 'நல்ல பெண், தாராளமாகக் கொடுங்கள்' என்று சொல்லியிருந்தால் என் காரியம் முடிந்திருக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"நல்லவதான் சார். ஆனா அவளுக்கு ஒரு சாண்ட்விச்கூட செய்யத் தெரியாது. வெண்ணெக் கத்தியைப் பிடிச்சதே இல்ல. சிரிப்பா, பேரைச் சொல்லிக் கூவுவா. ஞாபகம் வெச்சு செய்றது பூரா நான்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்படியா? சரி, மூணு வாரம் டைம் தர்றேன். அவங்களே செஞ்சு காட்டட்டும். இல்லேன்னா வேற ஆளத்தான் பாக்கணும்" என்று எழுந்து போனார். அவர் போனபிறகுதான் புத்தி வந்தது. யாரைத் தொலைத்துக்கட்ட நினைத்தேனோ அவளையே கால் கட்டி உட்கார வைத்துவிட்டேன்.

நிர்வாகி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன்.

"நீங்க சொன்னது நிஜம்தானே அண்ணி. எனக்கு ஒண்ணும் தெரியாது. கத்துக்குடுங்க" என்றாள்.

சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன். கத்துக்கொடு என்று வந்து நிற்பவளை என்ன செய்வது?

மூன்று வாரம், காலை ஆறரை மணிக்கு. வெங்காயத்தை நறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டால் காரம் அடங்கும் என்று சொன்னேன். தக்காளிக்கு உப்புத் தூவிச் சாய்த்து வைத்து நீர் வடிக்கச் சொன்னேன். யாருக்கு என்ன வேண்டும், யாருக்கு எது ஆகாது என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். கை வேகமாகப் படிந்தது. அவள் ஒன்று கற்றுக்கொள்ளும்போதெல்லாம் என்னிடமிருந்து ஒன்று பிடுங்கிக்கொண்டு போவது மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நான் யார்?

அதனால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். வெண்ணெயை ரொட்டியின் ஓரம்வரை, நாலு மூலைக்கும் இழுத்துத் தடவவேண்டும். ஓரத்தில் ஊசி முனை இடம் விட்டாலும் தக்காளி நீர் அதன் வழியே இறங்கி ரொட்டி ஊறிப்போகும். உடனே சாப்பிடுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. அலுவலகக்காரர்கள் மேலே கொண்டுபோய், மீட்டிங் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். தொழிலே அதில்தான் இருக்கிறது. என் மேடை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருப்பதால், நான் வெண்ணெய் தடவுவது இத்தனை வருடத்தில் அவள் கண்ணில் பட்டதில்லை.

"வெண்ணெ சும்மா வாசனைக்குத்தான். நடுவுல ஒரு இழுப்பு இழுத்தா போதும்" என்றேன். சரி அண்ணி என்று எழுதிக்கொண்டாள்.

நிர்வாகி அவள் செய்ததைச் சுடச்சுட நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் பிரமாதம் என்றார். அந்த மாதமே அவளும் மகளும் அடுத்த தெருவில் வீடு எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் சமையலறைக்கு ஒரு பெண்ணைப் பழக்கிவிட்டுக் கவுன்ட்டருக்கு வந்தேன். முதல் ஆளே, "வழக்கம்போல ஒண்ணு" என்றார். நான் முழித்தேன். "நான்தாங்க ஒன்பதாம் மாடி." இரட்டை மிளகு தின்கிறவர் ஆஜானுபாகுவாக இருப்பார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஒட்டடைக்குச்சி மாதிரி நின்றார் மனிதர். ஒவ்வொருவரிடமும் யார் என்ன என்று கேட்டு எழுதுவதற்குள் வரிசை தெருவரைக்கும் போய்விட்டது. அன்று வந்த கருத்து: "ருசி அதேதான். ஆனால் அக்கா இல்லை." இரண்டு நட்சத்திரம். இல்லாதபோதும் நட்சத்திரம் குறைய அவளே காரணம்! பாதிப் பேர் அவளைத் தேடி எதிரே போய்விட்டார்கள்.

பத்து நாள் கழித்து அவள் கடையின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். "அக்கா அதே அக்காதான். ஆனால் மேஜையில் வைத்துப் பிரிக்கும்போது ரொட்டி சொதசொத என்றிருக்கிறது." இன்னொன்று: "பழைய கடையில் இப்படி ஆகாதே!" அடுத்த சில நாளில் இதேபோலப் பதினொன்று சேர்ந்தன. ஆஹா, வெல்லமாய் இனித்தது. தினமும் மூன்று மணிக்கு அந்தப் பதினொன்றையும் வரிசையாகப் படித்தேன். போன வாரம் அவள் மகள் வந்து ஒரு சாண்ட்விச் வாங்கிக்கொண்டு போனாள். பெற்ற பெண்ணுக்கே அம்மா கை பிடிக்கவில்லை என்று நினைத்து, சந்தோஷத்தில் ஒரு முட்டை அதிகமாக வைத்துக் கட்டிக்கொடுத்தேன்.

நேற்று என் வீட்டுக்காரர் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்தக் கருத்துகளுக்குக் கீழே அவள் பதில் எழுதியிருந்தாளாம். நான் அதைத் தட்டித் திறந்து பார்த்ததே இல்லை.

"எங்க அண்ணி ஒரு குறையும் வைக்காம எல்லாத்தையும் சொல்லிக்குடுத்தாங்க. தப்பு என் கையில. சரி பண்றேன்."

பதினோரு கருத்துக்கும் பதினோரு முறை, அதே வரி.

"பாத்தியா, நாலு பேர் முன்னால என் தங்கச்சி உன்னை விட்டுக்குடுக்கவே இல்ல" என்றார் பெருமையாக. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. அறுநூற்றுச் சொச்சம் கருத்தில் வராத நான், கடைசியில் இப்படியா வரவேண்டும்?

இன்று காலை கடை திறக்குமுன் எதிர்க் கட்டடத்துக்குப் போனேன். பளிங்குத் தரை, கண்ணாடிக் கதவு, மூலையில் அவள் கடை. தனியாகத்தான் இருந்தாள்.

"ஒண்ணு சொல்ல வந்தேன். வெண்ணெயை நடுவுல மட்டும் இல்ல, ஓரம் வரைக்கும்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் தட்டின் மேலிருந்த துணியை விலக்கினாள். நாற்பது ஐம்பது ரொட்டித் துண்டுகள். ஒவ்வொன்றிலும் நாலு மூலைக்கும் வெண்ணெய்.

"ஒரு வாரமா இப்படித்தான் அண்ணி. பொண்ண அனுப்பி உங்க கடையில ஒண்ணு வாங்கிப் பிரிச்சுப் பாத்தேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் குறை எழுதலையே, நீங்க பாக்கலையா?"

எங்கே பார்த்தேன்! அந்தப் பதினொன்றைத் தாண்டி என் விரல் நகரவே இல்லை.

"அப்புறம் எதுக்கு அந்தப் பதிலை இன்னும் வெச்சிருக்கே? எடுத்துட வேண்டியதுதானே?"

"நீங்க தினம் படிப்பீங்கன்னு தெரியும்" என்றாள். சிரிக்கவில்லை. ஒன்பது வருடத்தில் கவுன்ட்டரில் அவள் சிரிக்காமல் நின்று நான் பார்த்ததே இல்லை. "வேணும்னேதான் சொல்லலையா அண்ணி?"

"ஆமா" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவள் கத்தியைத் துடைத்தாள். பிறகு ஒரு சாண்ட்விச் செய்து கட்டி என் கையில் வைத்தாள்.

"ஒரு மணி நேரம் கழிச்சு சாப்பிடுங்க. எப்படி இருக்குன்னு எழுதுங்க."

லிஃப்ட் திறந்தது. "வாங்க, என்ன இன்னிக்கு சீக்கிரம்?" என்று அவள் யாரையோ பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பிரித்தேன். ஊறவில்லை. வெங்காயம் நறுக்கென்று இருந்தது. மிளகு அளவு சரி. கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டால் என்னுடையது என்றுதான் சொல்லுவேன். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு கருத்து எழுத உட்கார்ந்தேன். "செய்கிறவருக்குக் கை நன்றாக வந்துவிட்டது. ரொட்டி ஊறவே இல்லை" என்று எழுதினேன். எனக்கு யாரும் எழுதாத வரி அது. எழுதிவிட்டு நட்சத்திரத்தில் விரலை வைத்தேன்.

நாலு போட்டேன். அஞ்சாவதற்கு விரல் போகவில்லை.